லெவிசி: ஆளில்லாத ஊரும் ஓர் ஒப்பந்தமும்

துருக்கிப் பயணத்தைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இஸ்தான்புல் மசூதிகளைப் பற்றியும் கப்படோக்கியா பலூன்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது, அந்தப் பயணத்தில் அரை நாள் மட்டும் சுற்றிப் பார்த்த, ஆளில்லாத ஊர் ஒன்றைப் பற்றி. ஊர் திரும்பிய பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில், காலமெல்லாம் கோப்புக் கட்டிய என் போன்ற குமாஸ்தாவுக்கு நன்றாகப் புரிகிற விஷயம் ஒன்று இருந்தது. அதனால் பதிவு சற்று நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

துருக்கியின் தென்மேற்கில், மத்தியதரைக் கடலோரம் ஃபெத்தியே என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டரில் இந்த ஊர். நம் ஷேர் ஆட்டோவைப் போல ஆள் சேர்த்துக்கொண்டு ஓடும் சிறு வேன்கள் போகின்றன. 'தோல்முஷ்' என்று பெயர். 'நிரம்பியது' என்பதே அதன் பொருளாம். பைன் மரக் குன்றுகளைத் தாண்டினால் ஒரு பள்ளத்தாக்கு. சமவெளியில் வயலும் தோட்டமும் ஓரிரு தேநீர்க் கடைகளும். எதிரே குன்றின் சரிவில் நூற்றுக்கணக்கான கல் வீடுகள், வரிசைக்கு மேல் வரிசையாக. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஊர் என்றே தோன்றும். கிட்டே போனால்தான் எந்த வீட்டுக்கும் கூரை இல்லை என்பது தெரியும்.

இன்றைய பெயர் காயாகோய். துருக்கி மொழியில் 'காயா' என்றால் பாறை, 'கோய்' என்றால் கிராமம். பாறையூர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வாழ்ந்தவர்கள் வைத்திருந்த பெயர் லெவிசி. அவர்கள் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். குன்றின் மேல் கிறிஸ்தவர்கள், கீழே சமவெளியில் முஸ்லிம் விவசாயிகள். மேலே இருந்தவர்களில் கைத்தொழில் செய்தவர்களும் வியாபாரிகளும் அதிகம். விளைநிலத்தை வீடு கட்டி வீணாக்கக் கூடாதென்று பாறைமேல் கட்டிக்கொண்டார்கள் என்கிறார்கள்.

பிரான்சில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் எங்களையும் அந்த விடுமுறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கற்படிகளில் ஏறினோம். என் மனைவிக்கு முழங்கால் வலி. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினாள். அப்படி நின்றதால்தான் பலவற்றைக் கவனித்தோம் என்று சொல்ல வேண்டும். எந்த வீடும் அடுத்த வீட்டின் வெளிச்சத்தை மறைக்கவில்லை. எல்லா வாசலிலிருந்தும் பள்ளத்தாக்கு தெரிகிறது. வீடு ஒவ்வொன்றும் சிறியது. மேலே ஓர் அறை, கீழே ஆடுமாடும் தானியமும் இருக்க இடம். மழைநீரைச் சேமிக்க வீட்டோடு சேர்ந்த தொட்டி. சுவரில் அடுப்பும் புகைபோக்கியும். சில சுவர்களில் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்பது வழக்கம். அந்த நீலத்தைப் பார்த்ததும் மனைவி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே தரையில் அத்திமரம் முளைத்து, கூரை இருந்த உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

பெரிய கோயில்கள் இரண்டு. அடிவாரத்தை ஒட்டி மாதா கோயில், மேலே அதிதூதர்களின் கோயில். இவை தவிரச் சின்னச் சின்ன சிற்றாலயங்கள் பல. கோயில் முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கற்களைப் பதித்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் பிறகும் அந்தக் கோலம் கலையவில்லை. கீழ்க்கோயில் வளாகத்தின் மூலையில் எலும்புகளை வைக்கும் சிறு கட்டடம் உண்டு. புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து எலும்பைத் தோண்டியெடுத்து, கழுவி, பத்திரப்படுத்துவது அவர்கள் வழக்கம். குன்றின் உச்சியில் தனியாக நிற்கும் சிற்றாலயத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் கடல்.

"ஏங்க, ஒரு வீட்டிலகூட கதவு நிலை எதுவும் இல்லையே. எரிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

எரிக்கவில்லை. ஆட்கள் போன பிறகு கதவு, சன்னல், உத்தரம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தவர்கள் கொண்டுபோய்த் தங்கள் வீடுகளுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். 1957-இல் வந்த பெரிய நிலநடுக்கம் மிச்சம் இருந்ததையும் சாய்த்தது. ஆட்களை ஊரைவிட்டு அனுப்பிய கதைதான் பெரிய கதை.

அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒட்டோமான் பேரரசு தன் குடிகளை மதச் சமூகவாரியாகவே பதிவேட்டில் எழுதியது. முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியர், யூதர் என்று தனித்தனிப் பத்தி. அமைதிக் காலத்தில் அந்தப் பத்தி வரிக்கும் திருமணத்துக்கும் வழக்குக்கும் பயன்பட்டது. 1912, 1913 பால்கன் போர்களில் பேரரசு தன் ஐரோப்பிய நிலம் பெரும்பாலானதை இழந்தது. அங்கிருந்த முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு அனடோலியாவுக்கு அகதிகளாக வந்தார்கள். அந்தக் கோபம் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் மேல் திரும்பியது. 1914-இல் கடலோரக் கிரேக்கர்களின் கடைகளைப் புறக்கணித்தார்கள், பல ஊர்களிலிருந்து விரட்டினார்கள். முதல் உலகப் போரில் கிறிஸ்தவ ஆண்களைத் தொழிற்படை என்ற பெயரில் கல்லுடைக்கவும் சாலை போடவும் கொண்டுபோனார்கள்; பலர் திரும்பவில்லை. லெவிசியிலிருந்தும் பல குடும்பங்களை உள்நாட்டுக்கு நடத்தியே அனுப்பினார்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் (இன்றைய இஸ்மீர்) இறங்கி, அனடோலியாவின் உட்பகுதி வரை முன்னேறியது. 1922-இல் தோற்றுப் பின்வாங்கும்போது வழியெங்கும் துருக்கியரின் ஊர்களைக் கொளுத்திக்கொண்டே போனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்மிர்னா நகரின் கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் தீயில் அழிந்தன. கடற்கரையில் கப்பலுக்காகக் காத்திருந்த கூட்டத்தின் புகைப்படங்களை இன்றைக்கும் பார்க்கலாம். எந்தத் தரப்பையும் சுத்தம் என்று சொல்ல முடியாத சரித்திரம் இது.

இந்த நிலையில்தான் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேச்சுவார்த்தை நடந்தது. துருக்கிக்கு இஸ்மெட் பாஷா, கிரேக்கத்துக்கு வெனிசெலோஸ், பிரிட்டனுக்கு நம் பழைய வைசிராய் கர்சன் பிரபு. 1922-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற நான்சென், மக்களைப் பரிமாறிக்கொள்ளும் யோசனையை முன்வைத்துப் பேசினார். 1923 ஜனவரி 30-ஆம் தேதி கிரேக்கமும் துருக்கியும் ஒரு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதுவையில் வேலை பார்த்த காலத்திலும், பழைய நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே மொழிபெயர்ப்பை நம்பாமல் மூலத்தையே எடுத்து வரி வரியாகப் படித்தேன்.

நல்ல பிரெஞ்சு. தெளிவான, உணர்ச்சி கலக்காத அலுவலக நடை. முதல் பிரிவிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. 1923 மே 1 முதல், துருக்கியில் குடியிருக்கும் ஆர்த்தடாக்ஸ் மதத்துத் துருக்கிப் பிரஜைகளும், கிரேக்கத்தில் குடியிருக்கும் முஸ்லிம் மதத்துக் கிரேக்கப் பிரஜைகளும் பரிமாற்றம் செய்யப்படுவார்கள், இது கட்டாயம். அந்தந்த அரசின் அனுமதி இல்லாமல் யாரும் திரும்பி வந்து குடியேறக் கூடாது. அடுத்த பிரிவில் விலக்கு: இஸ்தான்புல் கிரேக்கர்களும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். 1912 அக்டோபர் 18-க்குப் பிறகு ஏற்கெனவே ஓடிப்போனவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே என்று மற்றொரு பிரிவு. போர்களில் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள், கையெழுத்து விழுந்த அன்றைக்கு, சட்டப்படி பரிமாறப்பட்டவர்களாகிவிட்டார்கள். முன்தேதியிட்டு ஆணை போடுவது எங்கள் அலுவலகங்களில் பதவி உயர்வுக்கும் சம்பள நிலுவைக்கும் நடக்கும். ஒரு ஜனத்தின் நாடு கடத்தலுக்கே முன்தேதி போட்டதை இதில்தான் பார்த்தேன்.

மொத்தத்தில் ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைய கிரேக்கத்தின் ஜனத்தொகையே 50 லட்சம் அளவில்தான். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஐந்தாவதாக ஓர் ஆள் வந்தது போல. முகாம்களில் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஏராளமானோர் இறந்தார்கள்.

அந்த முதல் பிரிவில் மொழி என்ற சொல் இல்லை. மதம் மட்டும்தான். அனடோலியாவின் நடுப்பகுதியில் கரமன்லி என்ற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசியது துருக்கி மொழி. அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். நம் காரைக்காலிலும் காயல்பட்டினத்திலும் அரபு எழுத்தில் தமிழ் எழுதி வாசித்தார்களே, அதைப் போல. அவர்களையும் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் 'துருக்கி வித்து' என்று ஏசினார்கள். கிரீட் தீவின் முஸ்லிம்களில் பலருக்குக் கிரேக்கம் தவிர வேறு மொழி தெரியாது. அவர்களைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'அரைக் காஃபிர்'. இரண்டு பக்கமும் சொந்த நாட்டுக்கு அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். வந்திறங்கியவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பேசுவது விளங்கவில்லை.

லெவிசியில் மிச்சம் இருந்தவர்களும் 1923-இல் கிளம்பினார்கள். அவர்களில் பலரும், பக்கத்துத் துறைமுகமான மாக்ரியின் கிறிஸ்தவர்களும் ஏதென்சுக்கு அருகே, மராத்தானை ஒட்டி, ஒரு புது ஊரை உண்டாக்கினார்கள். அதன் பெயர் நேயா மாக்ரி, அதாவது புதிய மாக்ரி. பழைய மாக்ரிதான் இன்றைய ஃபெத்தியே. 1914-இல் விமானம் விழுந்து இறந்த ஃபெத்தி பே என்ற ஒட்டோமான் விமானியின் பெயரைப் பிறகு அதற்கு வைத்தார்கள். ஊர் இருந்த இடத்தில் பெயர் மாறியது. பெயர் கடல் தாண்டிப் போய் வேறு மண்ணில் ஒட்டிக்கொண்டது.

காலியான லெவிசி வீடுகளில் குடியமர்த்த, கிரேக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களை அரசாங்கம் அனுப்பியது. அவர்கள் நிலமும் நீரும் உள்ள பகுதிகளில் பயிர் செய்து பிழைத்தவர்கள். பாறை மேல் வீட்டைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலோர் சில காலம் இருந்து பார்த்துவிட்டு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். காகிதத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வீடு சரியாக இருந்திருக்கும். குன்றின் மேல் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள் போனதோடு அந்தக் குன்றின் வாழ்வும் போய்விட்டது. கீழே இருந்த முஸ்லிம் விவசாயிகளும், செருப்புத் தைக்கவும் பாத்திரம் அடைக்கவும் ஆளில்லாமல் நகரத்துக்கு நடந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி சொத்துக் கணக்கு. பதிவேட்டோடு காலம் கழித்தவனுக்கு இந்தப் பகுதிதான் மனதைப் பிசைந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருளுக்கு வரி இல்லை. வீடு, நிலம் போன்றவற்றை மதிப்பிட ஒரு கூட்டு ஆணைக்குழு. கிரேக்கத் தரப்பில் 4 பேர், துருக்கித் தரப்பில் 4 பேர், உலகப் போரில் சேராத நாடுகளிலிருந்து 3 பேர், ஆக 11 பேர். ஒவ்வொரு சொத்துக்காரனுக்கும், இவ்வளவு தொகை உனக்கு வர வேண்டியது என்று ஒரு சான்று தர வேண்டும். போய்ச் சேர்ந்த நாட்டில் அதே மதிப்புக்கு நிலமோ வீடோ பெற்றுக்கொள்ளலாம். படிவம், மனு, சாட்சி, மதிப்பீடு எல்லாம் வருடக் கணக்கில் நடந்தது. கடைசியில் 1930 ஜூன் 10-ஆம் தேதி அங்காராவில் இரண்டு அரசும் மற்றோர் உடன்படிக்கை செய்துகொண்டன. போனவர்கள் விட்டுச் சென்ற சொத்து அது இருக்கும் நாட்டு அரசாங்கத்துக்கே சேரும் என்று முடிவாயிற்று. எங்கள் பாஷையில் சொன்னால், கோப்பை மூடிவிட்டார்கள். அத்திமரம் முளைத்த அந்த வீடுகளில் எத்தனை பேர் எண்ணெய் விளக்கில் உட்கார்ந்து, இத்தனை அறை, இத்தனை ஆலிவ் மரம் என்று மனு எழுதினார்களோ.

இது ஒரு மூலையில் நடந்த பழைய கதை என்று விட்டுவிட முடியாது. கர்சன் பிரபுவே இது மிக மோசமான தீர்வு என்று கண்டித்தவர். ஆனாலும் அவர் இருந்த மாநாட்டில்தான் இது நிறைவேறியது. பிறகு இதையே வெற்றிகரமான முன்னுதாரணமாகக் காட்டத் தொடங்கினார்கள். 1937-இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கச் சொன்ன பீல் ஆணைக்குழு இதை எடுத்துக்காட்டியது. நம் நாட்டில் பாகிஸ்தான் கோரிக்கையைப் பற்றி அம்பேத்கர் எழுதியபோது, கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்டதைச் சுட்டிக்காட்டி, இங்கும் முறையான பரிமாற்றம் நடக்கலாம் என்று வாதிட்டார். முறையில்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது. 1947-இல் பஞ்சாபில் முறையும் இல்லை, ஆணைக்குழுவும் இல்லை. அந்த ரயில்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நினைத்தால், உயிரோடாவது அனுப்பி வைத்தார்களே என்று லோசானுக்கு வக்காலத்து வாங்குவோர் பக்கமும் ஒரு நியாயம் தெரிகிறது. இருபக்கமும் யோசித்துப் பார்த்து, என்னால் ஒரு முடிவுக்கு வர முடிந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்: அந்த முதல் பிரிவில் சம்மதம் கேட்கும் சொல் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், அந்தச் சொல் இருந்த ஒப்பந்தம் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் பகுதிகளை இந்தியாவுக்கு அளிக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகள் ஆவார்கள். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். எங்கள் ஊரில் 'ஒப்சியோன்' என்றார்கள். எனக்கு அப்போது 13 வயது. பெரியப்பா சொல்தாவாக இந்தோசீனா வரை போய் வந்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "உங்கண்ணன் கூப்பிடுறாரே, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா என்ன?" என்று அம்மா பல நாள் கேட்டார். "நிலம் இங்க இருக்கு, நான் எங்க போக?" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இரண்டு நாட்டுப் பிரஜைகளாக இருந்தார்கள். யாரும் பெட்டி கட்டவில்லை. பிற்பாடு பெரியப்பா பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். தேவைப்பட்டுப் போனார்கள், கோடைக்கு வந்து போகிறார்கள். எல்லாம் குறையில்லாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த ஆறு மாதக் கெடு தங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது என்று குறைப்படும் கிராமத்துக் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஒரு கையெழுத்தால் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் வசதியில் ஏற்பட்ட வித்தியாசம் எங்கள் குடும்பத்திலும் மனஸ்தாபம் ஆகியிருக்கிறது. ஆனாலும் அப்பாவை ஒருவர் கேட்டார். அப்பா பதில் சொன்னார். லெவிசி குடும்பத் தலைவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும், நிலம் இங்கே இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பானோ என்னவோ.

அந்தக் குன்றைத் துருக்கி அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக வைத்திருக்கிறது. கிரேக்கத்திலிருந்து, அங்கே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்து பார்த்துப் போகிறார்களாம். நம் ஆட்கள் அந்தப் பக்கம் போனால், நீச்சலுக்குப் பேர்போன ஒலுதெனிஸ் கடற்கரையோடு திரும்பிவிடாமல் இங்கும் அரை நாள் ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. தேய்ந்த படிகள் வழுக்கும். நல்ல செருப்பும் தண்ணீரும் அவசியம்.

புதுவை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் 1962-ஆம் ஆண்டு ஒப்சியோன் தாளோ, மேரியில் கொடுத்த பழைய பிறப்புச் சான்றோ இருந்தால் செல்லரிக்க விடாதீர்கள். யார் எழுதிக் கொடுத்தார், யார் மறுத்தார், ஏன் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் பெரியப்பாவின் நகல் இருக்கிறது. அப்பா எழுதிக் கொடுக்காததற்குத் தாள் ஏதும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைத்தேன்.